கோட்டுக்கு இந்தப் பக்கம்

வில்மார், உன் சட்டைகளைப்
பன்னிரண்டு வருஷம் துவைத்தவள் நான்.
இடது இடுப்பில் எப்போதும் புல்கறை.
சறுக்கி விழுந்து பந்தைப் பறிக்கிறவன் நீ,
விழாமல் ஆடத் தெரியாது உனக்கு.
ரத்தம் என்றால் குளிர்ந்த நீர்,
சேறு என்றால் காயவிட்டுத் தட்ட வேண்டும்,
புல்லுக்கு வினிகர்.

நடுவில் ஆறு வருஷம் நீ இல்லை.
போர்ச்சுகலில் ஒரு தீவு, அப்புறம் கிரீஸில்
சம்பளம் தராத ஒரு கிளப்.
அங்கிருந்து ஒரே ஒரு அட்டை வந்தது:
"இங்கே சட்டைகளுக்கு ரோஜா வாசனை, டெயோலிந்தா.
எனக்குப் பிடிக்கவில்லை."
எந்திரத்துக்கு மேலே ஒட்டி வைத்தேன்.
ஆவியில் எழுத்தெல்லாம் கரைந்து
'ரோஜா' மட்டும் மிச்சம்.

திரும்பியபோது முட்டிக்குள் இரண்டு திருகாணி.
ஆற்றுக்கு அக்கரையில், அர்ஜென்டினாவில்,
மழை இறங்கிக்கொண்டிருந்த ஒரு ஞாயிறு,
எழுபத்தொன்றாவது நிமிடம்,
பலகையில் சிவப்பாய் மூன்று.
நீ ஓடவில்லை, நடந்து வந்தாய்.
நடுவர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.
நானூறு பேர் கைதட்டியிருப்பார்கள்,
டிக்கெட் விற்றது முந்நூற்றுப் பத்து.
சட்டையைக் கழற்றி என் பக்கம் எறிந்தாய்.
அன்று அதில் கறையே இல்லை.
அப்போதே தெரிந்துவிட்டது எனக்கு.

பிப்ரவரியில் பழையவரை அனுப்பிவிட்டு
உன்னைக் கூப்பிட்டார்கள். மலிவாகக் கிடைத்தாய்,
தலைவரே படிக்கட்டில் சொல்லிச் சிரித்தார்.
முதல் ஆட்டத்துக்கு முந்தின இரவு
சட்டைகளை எடுத்து வைக்கப் பட்டியல் தந்தாய்.
மூன்றுக்கு நேரே உன் பெயர்.
கை அதன் பழக்கத்தில் எழுதியிருக்கிறது.
நான் வாய் திறக்கவில்லை.
நீயே பார்த்தாய், அடித்தாய்,
இருபது வயதுப் பையனின் பெயரை எழுதினாய்,
அதையும் அடித்தாய்,
மறுபடி அதையே எழுதினாய்.

எட்டாம் எண்தான் பெரும்பாடு.
எபெர் ஒட்டேகி,
ஒன்பது வருஷம் ஒரே ஓட்டல் அறை உங்களுக்கு,
உன் மகனுக்கு ஞானத்தந்தை.
அவனைத் துணி உலர்த்தும் அறைக்கு அழைத்து வந்தாய்,
உன் அலுவலகத்தில் கூரை ஒழுகியது.
நான் போகட்டுமா என்றேன். இருங்கள் என்றாய்.
காலுறைகளை ஜோடி சேர்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.
"உன் கால்கள்…" என்று ஆரம்பித்தாய்.
"என் கால்களை எனக்குத் தெரியும்" என்றான்.
அப்புறம் நெடுநேரம் எந்திரம்தான் பேசியது.
நீ நீட்டிய மாத்தேயைக் கடைசிச் சொட்டுவரை உறிஞ்சி
குடுவையைத் திருப்பிக் கொடுத்தான்.
"நன்றி" என்றான்.
எங்கள் ஊரில் அப்படிச் சொன்னால்
இனி வேண்டாம் என்று அர்த்தம்.

இப்போது உன் கோட்டுக்கு இஸ்திரி போடுகிறேன்.
பைக்குள் கடித்த பென்சில், வயிற்றெரிச்சல் மாத்திரை,
பதினோரு வட்டம் போட்ட பால் ரசீது.
மற்றபடி சுத்தம்.
இவ்வளவு சுத்தமான துணியோடு
என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

நேற்று எண்பதாவது நிமிடம்
கோடு தாண்டி உன்னிடம் வந்தது பந்து.
தோல் செருப்பு, இடது கால்,
தூங்கும் பூனை மாதிரி அடங்கிப்போனது.
மைதானம் ஒரு நொடி பழைய குரலில் கத்தியது.
பையன் கை நீட்டி நின்றான், உள்ளே எறிய.
நீ கொடுக்க நாலு நொடி ஆனது.
எண்ணினேன்.
ஒரு கோல் பின்தங்கியிருந்தோம், வில்மார்.

இன்று காலை உன் கால்சட்டையை
குழாயடியில் விரித்தேன்.
இடது இடுப்பில், உள்ளங்கை அகலத்துக்குப் பச்சை.
விளக்கணைத்த பிறகா? தனியாகவா?
முட்டி என்ன சொல்கிறது?
கேட்க மாட்டேன்.

வினிகர் தீர்ந்துவிட்டது.
கிளப் கணக்கில் ஒரு பாட்டில்
வாங்கிக்கொள்ளட்டுமா, மேலாளரே?